செர்டாங் பக்கம் ஒரு தோட்டம்

எழுத்துத் தெரிந்தவனுக்குத் தோட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. ஊரிலிருந்து கடுதாசி வந்தால் அவனைக் கூப்பிட்டு வைத்துத்தான் பிரிப்பார்கள். கெட்ட சேதியென்றால் அவன் முகம் மாறுவதைப் பார்த்தே ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். கரங்கானுக்குத் தெற்கே, கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத் தோட்டத்தில் அந்த மரியாதை எனக்கு இருந்தது. காலையில் எல்லாரோடும் சேர்ந்துதான் நானும் பாலுக்கு மரம் வெட்டினேன். ஆனால் என்னை மட்டும் பேப்பர்க்கார மணியம் என்பார்கள். அப்போது அந்தப் பேரைக் கேட்டால் எனக்கு உச்சி குளிரும். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் அடிக்கத்தான் கை வருகிறது.

கித்தா விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிய காலம் முடிந்து, விலை மெல்ல ஏறத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. மிஞ்சியவர்கள் இரண்டு வரிசை வீடுகளில் இருந்தோம். மேட்டில் இருந்தது மேட்டு லயம், எங்கள் வீடு அதில்தான். ஆற்றோரம் இருந்தது ஆற்று லயம். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், பிள்ளைகளை விட்டுப் போக ஒரு ஆயாக்கொட்டகை, ஒரு மாரியம்மன் கோயில். மூன்றும் எல்லாருக்கும் பொது.

ஞாயிறு மதியம் நான் சைக்கிளில் கரங்கானுக்குப் போவேன். பினாங்கிலிருந்து வரும் பேப்பர், நடராஜா அண்ணன் மளிகைக் கடையில் பஸ்ஸிலிருந்து இறங்கும். ஆரம்பத்தில் எங்கள் தோட்டத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். பேப்பரை யார் வாங்கினார்களோ அவர்கள் வாசலில்தான் அதை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வாங்கியவருக்கு 'அ'னாவும் தெரியாது, 'ஆ'வன்னாவும் தெரியாது. இருந்தாலும் அன்றைக்கு நாற்பது பேர் அவர் வாசலில் வந்து உட்காருவார்கள், அவர் வீட்டு வரக்காப்பியைக் குடிப்பார்கள், 'மறுபடி வாசி' என்று அவர் சொன்னால்தான் நான் மறுபடி வாசிப்பேன். முடிந்ததும் பேப்பரை நாலாக மடித்துத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்திவிடுவார். ஒரு வாரம் மேட்டு லயம், ஒரு வாரம் ஆற்று லயம். இரண்டு லயத்து ஆட்களும் இரண்டு இடத்துக்கும் வந்தார்கள்.

பிறகு இரண்டாவது பேப்பர் வந்தது. முதலில் வந்துகொண்டிருந்தது 'அறிவுக்கனல்'. சாமிக்கு ஆடு வெட்டாதே, கலியாணத்துக்கு ஐயர் எதற்கு, மனிதனில் மேலென்ன கீழென்ன என்று கேட்கும். புதிதாக வந்தது 'தர்மதுவஜம்'. கடல் தாண்டி நம்மோடு வந்த அம்மனைக் கைவிடாதே, முன்னோர் வழக்கத்தைக் கேலி பேசாதே என்று சொல்லும். இதிலும் எனக்குப் பாதி சரியென்று பட்டது, அதிலும் பாதி சரியென்று பட்டது. ஆனால் அந்தச் சரியான பாதிகளையெல்லாம் பொடி எழுத்தில் உள்பக்கத்தில் போட்டிருப்பார்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இவன் அவனை 'மூடக்கும்பல்' என்பான், அவன் இவனைக் 'குலம் கெடுத்த கூட்டம்' என்பான்.

"தம்பி, கித்தா வெலையும் கப்பல் நேரமும் வாசிச்சா அவன் கொட்டாவி விட்டுட்டுப் போயிருவான்" என்றார் நடராஜா அண்ணன், இரண்டு பேப்பரையும் ஒரே கயிற்றில் கட்டி என் சைக்கிளில் வைத்தபடி. "அந்த லயத்துக்காரன் இவனை என்னா சொல்றான்னு வாசிச்சுக் காட்டு. அடுத்த வாரம் உன் சைக்கிள் மணி கேட்டதும் ஓடியாருவான்."

கெட்ட மனிதர் இல்லை அவர். எந்தத் தோட்டத்தில் சாவென்றாலும் தேங்காயும் சூடமும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நிற்பவர். பேப்பரும் அவருக்கு அரிசி, கருவாடு மாதிரி ஒரு சரக்கு.

சொன்னபடிதான் செய்தேன். மேட்டு லயத்தில் பரஞ்சோதி அண்ணன் வாசலில் 'அறிவுக்கனல்' வாசித்தேன். பெரிய குரல்காரர் அவர், நாலு பேருக்கு ஒன்றென்றால் முன்னால் நிற்பவர். பிறகு இறக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், ஆற்று லயத்தில் காளியம்மா அக்கா வாசலில் 'தர்மதுவஜம்' வாசித்தேன். புருஷனை மலைக்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றை மகனை வளர்த்தவர். மேட்டில் வாசிக்கும்போது என் குரல் மேட்டுக்குரல். ஆற்றங்கரையில் ஆற்றுக்குரல். எங்கே கை தட்டுவார்கள், எங்கே பல்லைக் கடிப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படியாகிவிட்டது. இரண்டு பிரதி ஆறாயிற்று, ஆறு பதினாலாயிற்று. வாசிக்கத் தெரியாதவர்கள் பேப்பரை வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள். சுவரைப் பார்த்தால் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் இரண்டு லயத்து ஆட்களும் தனித்தனியாக நின்றார்கள். எண்ணுவதற்கு வசதியாக இருக்கிறது என்றார் பேர்க் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. ஆயாக்கொட்டகையில் தொங்கிய தூளிகள்கூட இரண்டு பக்கமாகப் பிரிந்தன. ஒரு நாள் குழாயடியில் ஆற்று லயத்துக் குடமொன்று உருண்டதற்கு மூன்று மண்டை உடைந்தது. எனக்குள் ஏதோ குடைந்துகொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன், படுத்தால் புரள்வேன். ஆனாலும் ஞாயிறு வந்தால் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்களே, அந்தப் பிழைப்பு.

இதில் எனக்குக் கவலை இருந்தது ஒரே விஷயத்தில்தான். என் தங்கை நவமணியின் கலியாணம்.

அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளுக்கு நான்தான் எல்லாம். காளியம்மா அக்காவின் மகன் பிச்சைக்கு அவளைக் கொடுப்பதாக முன்பே பேசியிருந்தோம். இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டுபவர்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் அவன் தன் பாலை விட்டுவிட்டு அவள் மரத்துப் பாலை எடுத்து ஊற்றுவான். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? மேட்டு லயத்தார் சீர்திருத்தக் கலியாணம் என்றார்கள். ஆற்று லயத்தார் முறைப்படிக் கலியாணம் என்றார்கள். கடைசியில் நானும் காளியம்மா அக்காவும் வெற்றிலை மாற்றி முடிவு செய்தோம். கோயிலில்தான் தாலி. ஐயர் வேண்டாம், இரண்டு லயத்துப் பெரியவர்களும் சேர்ந்து எடுத்துக் கொடுக்கட்டும். ஆவணிக் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் புரட்டாசி வந்துவிடும்.

"அண்ணே, நீ வாசிச்சிட்டு சைக்கிள்ள ஏறிப் போயிருவ" என்றாள் நவமணி ஒரு நாள். "நாந்தான் அந்த வீட்டுல போயி வாழணும். கொஞ்சம் பாத்து வாசி."

பார்த்து வாசித்திருக்கலாம்.

முகூர்த்தத்துக்கு நாலு வாரம் இருந்தபோது வந்த பேப்பர் சப்பென்று இருந்தது. சண்டையே இல்லை. முதல் பக்கத்தில் கப்பல் அறிவிப்பு, கொசு ஒழிப்பு, யாரோ ஒரு பெரிய மனிதரின் வரவேற்பு. பரஞ்சோதி அண்ணன் வாசலில் நான் வாசிக்க வாசிக்கப் பின்வரிசையில் ஆட்கள் எழுந்தார்கள். அண்ணனின் முகம் சிறுத்துவிட்டது. அவர் வாசல் காலியாகிக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானாலா? இதுக்கா காசு கொடுத்தேன்?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வாசிப்பின் நடுவில் ஒருவன் எழுந்து போவதா? பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒரு கூந்தல் தைல விளம்பரம். முழங்கால் வரை முடியை விரித்துப்போட்ட ஒரு பெண், வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். உள்ளங்கையில் தைலப் புட்டி இருக்க வேண்டும். அச்சுத் தேய்ந்து, புட்டி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்தான் தெரிந்தது. அந்தப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

"செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த அக்கிரமம்!"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் வாய் அதுபாட்டுக்குப் போயிற்று. சீர்திருத்தக் குடும்பத்துப் பெண்ணொருத்தியை வைதீகக் குடும்பமொன்று மருமகளாக்கியதாம். வாசற்படி தாண்டும் முன்பு அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தீட்டுக் கழிக்கிறோம் என்று உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்களாம். அது அணையும்வரை அவள் கையை உதறக் கூடாதாம். கை வெந்து, இனி பால் வெட்டும் உளியே பிடிக்க முடியாமல் அந்தப் பெண் கிடக்கிறாளாம். பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள். பரஞ்சோதி அண்ணன் "மறுபடி வாசி" என்றார். மறுபடி வாசித்தேன். இரண்டாம் முறை இன்னும் நன்றாக வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் தங்கை எனக்கு ஞாபகமே வரவில்லை. எங்கேயோ செர்டாங் பக்கத்தில் இல்லாத ஒரு தோட்டம், இல்லாத ஒரு பெண். யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் என் வீட்டு வாசலில் மேட்டு லயத்துப் பெண்கள் பத்துப் பேர். நவமணியின் வலது கையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒருத்தி அழுதாள்.

"இந்தக் கையையா தாயீ அவங்களுக்குக் கொடுக்கப் போற?"

அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, நவமணியிடம் உண்மையைச் சொன்னேன். பேப்பரில் அப்படி ஒன்றுமில்லை, நானாகச் சொன்னது, அது எண்ணெய் விளம்பரம் என்றேன். அவள் சிரித்தாள்.

"சோத்துக்கு உப்புப் போடத் தெரியாது, கதைக்கு மட்டும் நல்லாப் போடுற. போயி எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டு வா."

அவள் நம்பினாள். அது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. ஊரையும் நம்பவைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பால் ஊற்றும் இடத்தில் காளியம்மா அக்கா என்னை மறித்தார். கண் சிவந்திருந்தது.

"மணியம், எம் வீட்டுக்கு வர்ற புள்ள கையச் சுடுவேன்னா சொல்றாங்க உங்க ஆளுங்க? அவளுக்குன்னு செகப்புல சேலை எடுத்து வெச்சிருக்கேன்டா நான்."

"அக்கா, அது நான் சொன்ன பொய்யி. பேப்பர்ல இல்ல."

பக்கத்தில் நின்ற ஆற்று லயத்து ஆட்கள் சிரித்தார்கள். "அந்தப் பேப்பரைக் காப்பாத்தப் பழிய இவன் தலையில போட்டுக்கிறான் பாரு" என்றான் ஒருவன். "எழுதினது அவனுங்க. மன்னிப்புக் கேக்க ஆள் இவன்."

மேட்டு லயத்தில் அதைவிட மோசம். அடுத்த ஞாயிறு பரஞ்சோதி அண்ணன் வாசலில் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் சொன்னேன். நான் புளுகினேன், என்னைச் செருப்பால் அடியுங்கள் என்றேன். யாரும் அடிக்கவில்லை. பரஞ்சோதி அண்ணன் உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து வந்து விரித்தார். நான் விரல் வைத்த இடம் அவருக்கு நினைவிருந்தது.

"இது என்னா? தலைய விரிச்சுப் போட்டு ஒரு பொம்பளை. கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா. கையில என்னமோ கறுப்பா எரியுது. படமே போட்டிருக்கான், நீ இல்லைங்கிறியே."

"அது எண்ணெய் விக்கிறவன் படம்ணே!"

"எண்ணெய் விக்கிறவன் தலைவிரி கோலமா ஒரு பொம்பளையப் போடுவானா? எந்தக் குடும்பத்துலயாவது அப்படி நிப்பாங்களா?"

கூட்டம் படத்தைப் பார்க்க முண்டியது. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு பெண் அந்தக் காகிதக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அரியரத்தினம் ஐயாவிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், தமிழும் இங்கிலீசும் படித்தவர். அவர் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். மனிதர் புண் கட்டிக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு மேட்டு லயம் வரைக்கும் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இது கூந்தல் தைல விளம்பரமெல்லோ. வேறை ஒண்டும் இல்லை. ஆர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

'நல்லதுங்க ஐயா' என்று எல்லாரும் கும்பிட்டார்கள். அவர் தலை மறைந்ததும் பரஞ்சோதி அண்ணன் சொன்னார், "அவங்க வீட்டம்மா திலகம் வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவங்க. ஐயா வேற எப்படிச் சொல்வாரு?"

பரஞ்சோதி அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நவமணியைத் தன் மகள் மாதிரி நினைத்துத்தான் பேசினார். அன்றைக்கு ஊர் கூடி, நம் பெண்ணை அங்கே அனுப்புவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். என் தங்கையைப் பற்றி என் முன்னாலேயே முடிவு செய்தார்கள், என்னைக் கேட்கவில்லை. நவமணி மட்டும் அசையவில்லை. "எனக்குப் பிச்சையத் தெரியும், அத்தையத் தெரியும். அண்ணன் சொன்னது கதை. நான் போவேன்" என்று குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்தாள். அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

முகூர்த்தத்துக்கு முந்தின ஞாயிறு கரங்கானுக்குப் போனேன். பேப்பர்க் கட்டு இரண்டு மடங்கு கனமாக இருந்தது. கயிற்றை அவிழ்த்தேன். 'அறிவுக்கனல்' முதல் பக்கம், கொட்டை எழுத்து: 'செர்டாங் தோட்டக் கொடுமை! மணப்பெண் கையில் நெருப்பு!' கீழே 'தர்மதுவஜம்', அதைவிடக் கொட்டை எழுத்து: 'செர்டாங் அவதூறு! நம் பெண்டிரைப் பழிக்கும் பாதகர்!' நான் சொன்ன தலைமுடி, நான் சொன்ன சூடம், நான் சொன்ன உளி. எல்லாம் அச்சில் இருந்தன.

"அண்ணே, இது எம் பொய்யிண்ணே."

"யார் பொய்யோ" என்றார் நடராஜா அண்ணன், கருவாட்டை நிறுத்தபடி. "நாலு தோட்டத்து ஆளுங்க கடைக்கு வந்து சொன்னாங்க. நாலு பேரு சொல்றது பொய்யாவா இருக்கும்? பினாங்குக்கு ரெண்டு வரி எழுதிப் போட்டேன்."

"ரெண்டு பேப்பருக்குமா?"

"ஒண்ணுக்கு மட்டும் எழுதினா அது நியாயமா தம்பி?"

உண்மையாகவே கேட்டார். எனக்கு அவர் தராசைத் தூக்கி வீச வேண்டும் போல் இருந்தது. கட்டை அங்கேயே போட்டுவிட்டு வெறும் சைக்கிளோடு திரும்பினேன். நான் கொண்டுவராவிட்டால் வராது என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல? பேப்பர் இல்லாமல் வந்தவனைப் பார்த்ததுமே இரண்டு லயத்திலிருந்தும் ஆட்கள் கரங்கானுக்குக் கிளம்பினார்கள். மறுநாள் சாயங்காலம் பரஞ்சோதி அண்ணன் அந்தப் பேப்பரை என் மடியில் வைத்தார்.

"வாசி."

வாசல் நிறைய ஜனம். பெண்கள் பக்கத்தில் நவமணி நின்றாள். எனக்கு ஒரு யோசனை ஓடியது. பொய்யால் வந்தது பொய்யாலேயே போகட்டும். பேப்பரை விரித்து, கொட்டை எழுத்தின் மேல் விரலை வைத்து, கணீரென்று தொடங்கினேன்.

"செர்டாங் தோட்டத்தில் அப்படி ஒரு சம்பவமும் நடக்கவில்லை என்று எமது நிருபர் நேரில் சென்று விசாரித்து அறிகிறார்..."

"நிறுத்துலா" என்றார் பரஞ்சோதி அண்ணன். "பஸ்ல டிக்கெட் கிழிக்கிற கிராணிகிட்டக் கொடுத்து மூணு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் வந்தேன். அதுல இப்படி இல்லை."

பேப்பரில் இல்லாததை நான் வாசிப்பேன் என்று அன்றைக்குத்தான் அவர்கள் கண்ணால் கண்டார்கள். அப்படியானால் முதலில் வாசித்ததும் பொய்தானே என்று ஒருவராவது கேட்பார் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

"தங்கச்சி கலியாணம் நின்னுறக் கூடாதுன்னு கொடுமையையே மறைக்கப் பார்க்கிறான்" என்றது ஒரு குரல். "ஆத்து லயத்துக்கு வித்துட்டான்டா நம்மளை."

நவமணி அங்கே இல்லை.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் சுவரோரம் உட்கார்ந்து, வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்கதைதான் நவமணி. உங்கிட்டத்தான் மொதல்லயே சொன்னேனே."

"சொன்ன" என்றாள். "நான் நம்புனேன். ஆனா இப்ப பேப்பர்லயே வந்திருச்சே அண்ணே."

"நான் சொன்னதைத்தான் போட்டிருக்கான்!"

"நீ சும்மா சொன்ன. அது நெசமாவே நடந்திருக்குபோல."

"ஏய், நான் சொன்ன அதே தோட்டத்துலயா? அதே மாதிரியா?"

"ரெண்டு பேப்பர்லயும் இருக்காமே. ஒண்ணு நடந்துச்சுங்குது, ஒண்ணு திட்டுது. நடக்காத ஒண்ணுக்கா அவன் இவ்வளவு திட்டுவான்?" கையை மூடினாள். "அத்தை செய்யமாட்டாங்க. எனக்குத் தெரியும். ஆனா அந்த லயம் முழுக்கச் சேர்ந்து செய்யின்னா அத்தையால என்னா பண்ண முடியும்? இந்தக் கை போச்சுன்னா நான் எதை வெச்சுப் பொழைக்கிறது?"

அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தலையில் அடித்துக்கொண்டேன். என் மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. பரிதாபமாகப் பார்த்தாள். அண்ணனை எப்படியோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பிச்சை வந்தான். மேட்டு லயத்துக்குள் ஆற்று லயத்துக்காரன் கால் வைத்து மாதக்கணக்காகிறது. இரண்டு பக்கமும் கதவோரத்தில் ஆட்கள் நின்றார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. நவமணி உள்ளேயிருந்து, கதவை ஒருக்களித்துக்கொண்டு பேசினாள்.

"அப்படி ஒண்ணு நடக்கலன்னு தெரிஞ்சா வருவியா?" என்று கேட்டான்.

"வருவேன்."

"அது போதும்." என் பக்கம் திரும்பினான். "அண்ணே, சைக்கிளைக் கொடுங்க. நான் போயிக் கேட்டுட்டு வந்துடுறேன். செர்டாங்கு என்னா சீமையிலயா இருக்கு? எந்தத் தோட்டம்ணே?"

"எந்தத் தோட்டமும் இல்லடா பிச்சை. நான் வாயால உண்டாக்கின தோட்டம்."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்றான் மரியாதையாக. "பரவால்லண்ணே. நான் எல்லாத் தோட்டத்துலயும் கேட்டுக்கிறேன்."

தடுக்க நினைத்தேன். பிறகு, போகட்டும் என்று தோன்றியது. இல்லாத ஒன்றைத் தேடிப் போகிறவன் இல்லை என்றுதானே வந்து சொல்வான்? நான் சொன்னால் நம்பாத தோட்டம், பதினைந்து இருபது மைல் சுற்றி வந்தவன் சொன்னால் நம்பும். நவமணி நம்புவாள். சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, டயரை அமுக்கிப் பார்த்து, நானே கொண்டுபோய்ப் பாதையில் விட்டேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவனுக்கு மூன்று நாள் ஆப்செண்ட் போட்டார்.

அந்த மூன்று நாளும் நான் ஒரு மரத்தையும் ஒழுங்காக வெட்டவில்லை. பட்டையில் ஆழமாக இறங்கிக் காயமாக்கிவிட்டேன் என்று மண்டோர் வாங்கு வாங்கு என்று வாங்கினார். வேலை முடிந்ததும் பாதையோரம் போய் நிற்பேன். யாராவது கேட்டால் காற்று வாங்குகிறேன் என்பேன். காளியம்மா அக்காவும் கொஞ்சம் தள்ளி வந்து நிற்பார். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. பந்தலுக்கு மூங்கில்கூட யாரும் வெட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் இருந்தேன். நவமணி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பிச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முட்டிவரை சேறு, சங்கிலி கழன்று தொங்கியது. மூன்று நாளில் முகம் இளைத்துவிட்டது.

"பதினோரு தோட்டம் ஏறி இறங்கிட்டேன்ணே" என்றான்.

"நடக்கலன்னுதானே சொன்னாங்க?"

"ஆமாண்ணே. எங்க தோட்டத்துல நடக்கலன்னு எல்லா எடத்துலயும் சத்தியம் பண்றாங்க."

நவமணியைப் பார்த்தேன். அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவள் முகத்தில் நாலு நாளாக இல்லாத ஒரு தெளிச்சி வந்தது.

"கேட்டியா நவமணி? பதினோரு தோட்டம்!"

பிச்சை சைக்கிளின் கைப்பிடியை விடவில்லை. தரையைப் பார்த்தான்.

"அடுத்த தோட்டத்துலதான் நடந்துச்சாம்ணே. எங்க போனாலும் அடுத்த தோட்டத்துக்குப் போங்கிறாங்க. அங்க போனா அதுக்கு அடுத்தது. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ரெண்டு தோட்டத்துல அந்தப் பொண்ணு பேருகூடச் சொன்னாங்க. நான் எங்கம்மாவ நம்புறேன்ணே. ஆனா அது நடக்கலன்னு என்னால சொல்ல முடியல."

நான் என்னவோ கத்தினேன். அவர்கள் இருவருமே என்னைக் கவனிக்கவில்லை. நவமணி அவனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்குக் கை இப்ப எப்படி இருக்காம்?"

"இன்னும் ஆறலயாம்" என்றான் பிச்சை.

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு ஏறினாள். அவன் அவளைக் கூப்பிடவில்லை.